பூட்டிய வீடு முப்பத்தேழு

குடிநீர் அலுவலகத்தில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் அந்த அம்மாளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தினமும் நூற்றைம்பது மூடிகளைத் திறந்து, குனிந்து, எண்ணைப் பார்த்து, கையிலிருக்கும் சின்ன மெஷினில் தட்டிவிட்டு, மூடியை மூடிவிட்டு நடக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் எண்ணைப் பார்த்தோமா, போனோமா என்று இருக்க அக்காவுக்கு வராது. போன மாதத்தைவிட ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்களா?" என்பார் வாசலில் நின்று.

"ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அந்த வீட்டுக்காரி வாயைப் பிளப்பாள்.

ஒரு தடவை குடும்பமே வெளியூர் போயிருந்த வீட்டில் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாராவதாக இருந்தால் குழாய் கசிகிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அக்கா மதில் ஓரமாகக் குனிந்து குனிந்து போய், பக்கத்து வீட்டுக்காரர் இந்த வீட்டுக் குழாயில் ரப்பர் டியூப் மாட்டித் தன் காரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தார். அந்த மனிதர் அதற்கப்புறம் அக்காவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

மீட்டரோடு விட்டால் பரவாயில்லை. சுவரில் ஒட்டிய காகிதம் எதுவாக இருந்தாலும் நின்று படித்தாக வேண்டும். வாடகைக்கு வீடு, காணாமல் போன பூனை, டெண்டர் அறிவிப்பு, எல்லாம் ஒன்றுதான். "உன்கூட கடைக்குப் போறதுக்குள்ள கடையே சாத்திடுவான்" என்பார் அவர் வீட்டுக்காரர். அவர் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். பேச்சு குறைவு, அதிலும் பாதி கிண்டல்.

வாரத்துக்கு ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை, அக்கா வார்டு அலுவலகத்துக்குப் போவார். கைமெஷினில் ஏறியிருக்கும் எண்களை அங்கேதான் இறக்க வேண்டும். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை அதில் புதிதாக ஏழெட்டுத் தாள்கள் ஒட்டியிருந்தன. அடுத்த மாதம் வார்டு தேர்தல். வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்படப் போகிறவர்களின் பெயர்கள் அவை. அந்தப் படியில் ஒரு நாளைக்கு இருநூறு பேர் ஏறி இறங்குகிறார்கள். நின்று படித்தவர் அக்கா ஒருவர்தான்.

முதல் தாளில் செத்தவர்கள். இரண்டாவதில் வீடு மாறிப் போனவர்கள். மூன்றாவது தாளுக்கு வந்ததும் அக்கா சத்தமாகவே சிரித்துவிட்டார். 'ரொட்டிச் சந்து, கதவு எண் 1 முதல் 37 வரை. வீடுகள் பூட்டப்பட்டுள்ளன. வசிப்போர் இல்லை.' கீழே வரிசையாக நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

ரொட்டிச் சந்தில் ஆளில்லையா? எள் போட்டால் விழாத சந்து அது. பெரிய ரொட்டி ஆலை ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அதில் மாவு பிசைபவர்கள், அடுப்புக்காரர்கள், பாக்கிங் செய்பவர்கள் எல்லோரும் குடியிருப்பது அங்கேதான். ஊரார் காலையில் தின்கிற ரொட்டி ராத்திரி வேக வேண்டும் என்பதால் அந்தச் சந்துக்கே பகல்தான் ராத்திரி. காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் மாலை நாலு வரை கதவு திறக்காது. இதைப் போய் எவனோ ஒருவன் ஆளில்லாத சந்து என்று எழுதியிருக்கிறான் பார் என்று அக்காவுக்குக் குறுகுறுப்புத் தாங்கவில்லை. எண்ணை இறக்குகிற வேலையை மறந்துவிட்டு நேரே இரண்டாம் மாடிக்கு ஏறினார்.

பட்டியல் பிரிவு எழுத்தர் மெலிந்த மனிதர். மேஜையில் நான்கு பக்கமும் கோப்புகளை அடுக்கி, நடுவில் கிணற்றுக்குள் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்.

"சார், ரொட்டிச் சந்து ஆளில்லைன்னு போட்டிருக்கே, யாரு நேர்ல போய்ப் பாத்தாங்க?"

"நேர்ல எல்லாம் எங்கம்மா போறது? ஒவ்வொரு துறையும் அனுப்பின தகவலை வச்சுப் போட்டது."

"நோட்டீஸ் அனுப்புனீங்களா?"

"அனுப்பினோம். பகல்ல தபால் போயிருக்கு. கதவு திறக்கலைன்னு திரும்பி வந்திருச்சு. அப்போ தகவல் சரிதானே?"

"சரியில்ல சார். அங்க சனங்க நெரிசல்ல இடிச்சுக்கிட்டுக் கிடக்குது. எந்தத் துறை இப்படி அனுப்புனது?"

எழுத்தர் விரலை நனைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினார். அவருக்கும் கொஞ்சம் ஆர்வம் தொற்றிக்கொண்டது. யாரும் வந்து எதையும் கேட்காத இடம் அது.

"குடிநீர்."

"எங்க ஆபீஸா?" அக்கா கோப்பு அடுக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். "எங்க ஆபீஸ்ல எந்த அறிவுகெட்ட ஜென்மம் சார் அது?"

"பேர் இல்ல. தொடர்ந்து பத்து மாசம் பூட்டுன்னு பதிவாகியிருக்கு. அளவெடுப்பவர் எண் பதினேழு."

பதினேழு அக்காவின் எண்.

அவர் ஊன்றிய கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் தாளைத் தன் பக்கம் திருப்பி எண்ணைப் படித்தார். அப்புறம், "நான்தான் சார்" என்றார்.

நடந்தது இதுதான். ரொட்டிச் சந்தில் மீட்டர்கள் வாசலில் இல்லை, உள்ளே சமையலறைக் குழாய்க்குக் கீழே இருக்கின்றன. பார்க்க வேண்டுமென்றால் கதவைத் தட்டியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்படித் தட்டப்போக, ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து கதவைத் திறந்து, "இப்பத்தான் கண்ணசந்தேன், புண்ணியமாப் போகும், போங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். அக்காவுக்கு மனசு பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சந்தில் எந்தக் கதவையும் தட்டுவதில்லை. மெஷினில் பூட்டு என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மெஷினே பழைய எண்களைப் பார்த்து ஒரு சராசரியைப் போட்டுக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை ஆலையில் அடுப்புப் பராமரிப்புக்காக ஒரு வாரம் லீவு விடுவார்கள். அப்போது போய் எல்லா மீட்டரையும் பார்த்து நேர் செய்துவிடுவார். யாருக்கும் ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தன்னுடைய இந்த ஏற்பாட்டை நினைத்து அக்காவுக்கு உள்ளூரப் பெருமை.

பெருமை பாதி, முழங்கால் வலி பாதி. ரொட்டிச் சந்து அவருடைய சுற்றில் கடைசி. உச்சி வெயிலில் முப்பத்தேழு தடவை தட்டி, முப்பத்தேழு தடவை குனிந்து எழுவது மிச்சமாயிற்று. கருணை எத்தனை பங்கு, சோம்பல் எத்தனை பங்கு என்று அவரே பிரித்துப் பார்த்ததில்லை. ஊர்க்காரர்களின் எண்ணையெல்லாம் ஏன் ஏன் என்று குடைகிற மனுஷிக்குத் தன் பொத்தானைப் பற்றி ஒரு கேள்விகூட வந்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

"இப்ப என்ன சார் செய்யலாம்?" என்றார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட பட்டியல் மூடிடும். அதுக்கப்புறம் பேர் இல்லாதவங்க வாக்குச்சாவடிக்கு வந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. ஒவ்வொருத்தரும் அத்தாட்சியோட பத்துல இருந்து நாலு மணிக்குள்ள இங்க வந்து எழுதிக் கொடுக்கலாம்."

"அவங்க தூங்குற நேரம் அது."

"இல்லன்னா தகவல் கொடுத்தவங்களே தகவல் தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். கொடுத்தா நான் நேர்ல போய்ப் பாக்கலாம், நீங்களும் கூட வரணும். திறக்குற வீடு பட்டியல்ல இருக்கும், திறக்காத வீடு போயிடும்." எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுப் போடுங்கம்மா. பொய்ப் பதிவுன்னு நீங்களே ஒத்துக்கிறதா ஆகும்."

அக்கா தன் அலுவலகத்துக்குப் போனபோது மேற்பார்வையாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பன்னிரண்டு வருடமாக அக்காவின் லீவு விண்ணப்பத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர். கதையைக் கேட்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, உங்களுக்கு ரிட்டயர் ஆக எத்தனை வருஷம்?"

"மூணு."

"மூணு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா? மெஷின் கோளாறுன்னு நான் எழுதித் தர்றேன். உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல."

"மெஷின் கோளாறுன்னா பேரைத் திரும்பச் சேர்ப்பாங்களா?"

"கம்பெனிக்காரன் வந்து பாத்து அறிக்கை கொடுக்கணும். ஒரு ரெண்டு மாசம் ஆகும்."

"தேர்தல் அடுத்த மாசம் சார்."

"அடுத்த தேர்தல்ல போடட்டுமே! இவங்க ஓட்டுப் போடலைன்னா ரொட்டி வேகாமப் போயிடுமா?"

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வீட்டுக்காரர் எதிரில் ஒரு தையல் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மெஷின் கோளாறுன்னு சொன்னா என்ன தப்பு? மெஷினுக்கு வலிக்கவா போகுது?"

அவர் நிமிரவில்லை. "என்கிட்ட வர்ற மெஷின்ல பாதி நல்லாத்தான் இருக்கும். நூல் கோத்தவங்க தப்பாக் கோத்திருப்பாங்க. கொண்டு வர்ற ஒருத்தராவது அப்படிச் சொல்வாங்களா? எல்லாரும் மெஷின் சரியில்லைன்னுதான் சொல்வாங்க."

"அப்ப என்னைத்தான் குத்திக் காட்டுறீங்க."

"நான் மெஷினைச் சொன்னேன்" என்றார் அவர்.

புதன்கிழமை காலையில் அக்கா எழுதிக் கொடுத்துவிட்டார். எழுத்தர் ஒரு மாதிரிக் கடிதம் வைத்திருந்தார். அதில் 'கவனக்குறைவால் ஏற்பட்ட தவறு' என்றிருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கவனமாகத்தான் அழுத்தினேன், கவனக்குறைவு என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். பிறகு வேறு தாள் வாங்கி, தட்டாமலே பூட்டு என்று பதிந்தேன் என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் பார்க்காதது போல முத்திரை மையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்து, சந்துக்காரர்களிடம் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமான பகுதி. அன்றைக்கே ஷிப்டு தொடங்கும் நேரத்தில் ஆலை வாசலில் போய் நின்றார். தலையில் வலைத் தொப்பி மாட்டிக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் கூடினார்கள். முதலில் சிரித்தார்கள், நாம இங்க இல்லவே இல்லையாம் என்று ஒருவன் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளிப் பார்த்தான். எழுதியது தான்தான் என்று அக்கா சொன்னதும் சிரிப்பு நின்றது. பாக்கிங் செய்கிற ஒரு பெண், எல்லோருக்கும் அவள் பாக்கிங்கம்மாதான், முன்னால் வந்தாள்.

"ஏங்க்கா அப்படி எழுதுனீங்க?"

"தூங்குறீங்களேன்னுதான். எழுப்ப வேணாம்னு…"

"எழுப்பலாமா வேணாமான்னு எங்களைக் கேட்டீங்களா?"

பாக்கிங்கம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டே தொடர்ந்தாள்.

"ஒருத்தி ஒருநாள் போங்கன்னு சொல்லியிருப்பா. மூணு வருஷமா முப்பத்தேழு வீட்டுக்கும் சேத்து நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. சாயங்காலம் வந்திருந்தா நானே மீட்டரைத் துடைச்சு வச்சுக் காட்டியிருப்பேன். நாலு வருஷமா சாக்கடைக்கு மூடி கேக்குறோம், இந்தத் தடவைதான் தேர்தல்ல நிக்கிற ஒரு ஆளு வந்து எழுதிக்கிட்டுப் போயிருக்கான். எங்க ஓட்டு அவனுக்கு வேணும்னுதான் வந்தான். இப்ப ஓட்டே இல்லைன்னா எவன் திரும்பிப் பாப்பான்?"

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு அந்த சாரைக் கூட்டிட்டு வர்றேன். கதவைத் திறந்தாப் போதும். ஒரு நிமிஷம்தான்."

"முழு ராத்திரி வேலை பாத்துட்டு வந்து படுத்தவங்கள உச்சி வேளையில எழுந்திரிக்கச் சொல்றீங்க. பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். சங்கு ஊதியது. மற்றவர்களும் போய்விட்டார்கள். வருகிறோம், வரமாட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேற்பார்வையாளர் ஒரு உறையைக் கொடுத்தார். பொய்ப் பதிவுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தது. முடிவு தெரியும்வரை வீதிச் சுற்று கிடையாது, கைமெஷினை ஒப்படைத்துவிட வேண்டும். "நான் சொன்னேன் இல்ல?" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது உண்மை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அக்கா வெறுங்கையோடு தெருவில் இறங்கினார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சந்து அப்படியே அடங்கிக் கிடந்தது. இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள், இழுத்துவிட்ட திரைகள். எழுத்தர் பட்டியலை ஒரு அட்டையில் கிளிப் போட்டு வைத்திருந்தார். "தட்டுங்கம்மா" என்றார்.

முதல் கதவு. அக்கா தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தடவை தட்டினார். எழுத்தர் பேனாவைத் திறந்தார். வேலை போனால் போகட்டும், கதவாவது திறக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்றாவது தடவைக்குக் கையை ஓங்கியபோது தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கன்னத்தில் தலையணைக் கோட்டோடு ஒரு அடுப்புக்காரர் நின்றார். பேரைச் சொன்னார், மனைவி பேரைச் சொன்னார், உள்ளே திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

இரண்டாவது திறந்தது. மூன்றாவதில் ஒரு கிழவி கையில் அடையாள அட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். ஏழாவது வீட்டில் போர்வையோடு வந்த ஒருவன், இந்த வெயிலில் எழுப்பினதுக்கு யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று கேட்டான். அதையெல்லாம் நான் சொல்லக் கூடாது என்று எழுத்தர் பதறினார். பன்னிரண்டாவது கதவில், 'பலமாகத் தட்டவும், எனக்குக் காது மந்தம்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. திட்டிக்கொண்டே திறந்தவர்கள் உண்டு. திட்டு ஒவ்வொன்றும் அக்காவுக்கு இனித்தது. அவர் எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு.

இருபத்தெட்டு பாக்கிங்கம்மாவின் வீடு. தட்டுவதற்கு முன்பே திறந்தது. அவள் கையில் அலாரம் கடிகாரம்.

"பன்னெண்டரைக்கு வந்துடுவீங்கன்னு நினைச்சு வச்சிருந்தேன். பத்து நிமிஷம் லேட்டு" என்றாள். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "இனிமே நானும் வர்றேன். அந்தக் கடைசி வீட்டுப் பயலுகள நீங்க தட்டினா எழுந்திரிக்க மாட்டானுங்க."

இருபத்தொன்பதாம் கதவை அக்கா தட்டினார். தட்டிவிட்டுக் காத்திருந்தார். பலமாகத் தட்டினார்.

"அதுல ஆளில்லக்கா" என்றாள் பாக்கிங்கம்மா.

"வேலைக்குப் போயிட்டாரா?"

"பழைய அடுப்பு மேஸ்திரி. ஒண்டிக்கட்டை. எட்டு மாசத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில செத்துப் போயிட்டாரு. வீட்டுச் சொந்தக்காரங்க சாமானை எடுத்துக்கிட்டுப் பூட்டிட்டாங்க."

அக்காவுக்கு ஆளை ஞாபகம் வந்தது. வருடா வருடம் லீவு வாரத்தில் அக்கா மீட்டர் பார்க்க வரும்போது அவர் நிறையப் பேசுவார். போன தடவை மீட்டரில் எண் அதிகமாக இருக்க, ஏன் என்று கேட்டதற்குச் செடிக்கு ஊற்றுகிறேன் என்று மூன்று தொட்டிகளைக் காட்டினார். அவர் போன பிறகும் எட்டு மாதமாக மெஷின் அவர் பேரில் சராசரித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"பாவம், தூங்குற மனுஷனை எழுப்பக் கூடாதுன்னுதான் நான் இந்தக் கதவையும்…" என்று ஆரம்பித்தார்.

"அவர் எங்கக்கா தூங்குனாரு? ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சே. நாங்க எல்லாம் பகல்ல படுத்துருவோம், ராத்திரி போயிடுவோம். அவருக்குப் பேச்சுத் துணைக்கு ஆளே கிடையாது. கதவுக்குப் பின்னாடி நாற்காலியைப் போட்டுக்கிட்டுப் பகல் பூரா உக்காந்திருப்பாரு. தெருவுல நடக்குற சத்தம் கேக்குதாம். மீட்டரம்மா வந்துட்டுப் போறாங்க, தட்ட மாட்டேங்கிறாங்கன்னு என்கிட்ட ஒரு தடவை சொன்னாரு."

அக்கா அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாதம் ஒரு தடவை இதே இடத்தில் நின்றுதான் பொத்தானை அழுத்தியிருக்கிறார். நடுவில் இரண்டு விரல் கனத்தில் ஒரு பலகை. அந்தப் பக்கம் ஒருத்தர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எழுத்தர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இந்த ஒண்ணு மட்டும் நீங்க எழுதினது சரியா வந்திருக்கும்மா. நீக்கிடலாம் இல்ல?"

"நீக்கிடுங்க சார்."

"எந்தத் தேதியில இருந்து பூட்டியிருக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

"எனக்குத் தெரியாது சார்" என்றார் அக்கா. "நான் தட்டிப் பாக்கவே இல்ல."

எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பாக்கிங்கம்மா முப்பதாம் கதவுக்கு முன்னால் போய் நின்று, அக்கா வந்து தட்டட்டும் என்று காத்திருந்தாள்.